செவிவழி – 9: வாயடைக்கும் துப்பாக்கி

காது நன்றாகவே கேட்கிறது. கேட்டதைப் பிரித்து அடுக்கத்தான் மூளை திணறுகிறது. கேட்டல் செயலாக்கக் குறைபாடு என்று எட்டு வாரமாகச் சொல்லிவருவது இதைத்தான். மற்றதைப் பழைய இதழ்களில் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பயிற்சிகளைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். நடுவில் ஒரு துப்பாக்கி வந்துவிட்டது.

ஜப்பானில் கசுடகா குரிஹாரா, கோஜி சுகடா என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர்களை நிறுத்த ஒரு கருவி செய்தார்கள். பெயர் ஸ்பீச்ஜாமர். கையில் பிடித்துக் குறிபார்க்கிற சாதனம். பேசுகிறவரை நோக்கிப் பிடித்தால் அவர் குரலையே வாங்கி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதித்து, அவர் காதுக்கே திருப்பி அனுப்பும். வலி கிடையாது, காயம் கிடையாது. ஆனால் ஆள் தடுமாறுவார். 2012-ல் இதற்கு இக் நோபல் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. நம் ஊர்ப் பாராட்டு விழாக்களில் முன்வரிசைக்கு ஆளுக்கொன்று கொடுத்து உட்காரவைக்கலாம்.

சூட்சுமம் பழையது. 1950-லேயே அமெரிக்காவில் பெர்னார்ட் லீ இதைப் பற்றி எழுதிவிட்டார். டேப் ரிக்கார்டரில் பதிகிற ஹெட் ஓரிடம், ஒலிக்கிற ஹெட் வேறிடம். நாடா இதிலிருந்து அதற்குப் போய்ச்சேரக் கண நேரம் ஆகும். அந்தக் கண நேரம் பிந்திய சொந்தக் குரலை ஹெட்போனில் கேட்டபடி பேசச்சொன்னால், சரளமாகப் பேசுகிறவர்களே திக்கினார்கள். செயற்கைத் திக்கல் என்று அதற்குப் பெயர் வைத்தார். விசித்திரம் என்னவென்றால், உண்மையிலேயே திக்குகிறவர்களில் சிலருக்கு இதே தாமதம் பேச்சைச் சீராக்குகிறது! துபாய்க்குப் போன் போட்டு, நம் குரலே எதிரொலித்து வந்தபோது நாமும் உளறியிருக்கிறோம். நாக்குக்குக் காதுதான் மேஸ்திரி.

இதற்காக, கேட்டல் செயலாக்கக் குறைபாடு உள்ளவர்கள் காதில் எப்போதும் எதிரொலி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் சிக்கல் வேறு. பட்டு, தட்டு, கட்டு மூன்றையும் சொல்லிப்பாருங்கள். முதல் மெய்யிலிருந்து உயிருக்குத் தாவும் சுமார் 40 மில்லிநொடியில்தான் அவற்றின் வேறுபாடு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அந்தத் துளி நழுவினால் குழந்தைக்கு மூன்றும் ஒன்றுதான். தெளிவாகக் காதில் விழாததை வாய் எப்படித் தெளிவாகச் சொல்லும்? மொழி வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகள், அடுத்தடுத்து வேகமாக வரும் இரண்டு ஒலிகளில் எது முதலில் வந்தது என்று சொல்லத் திணறுவதையும், இடைவெளியைக் கூட்டினால் சரியாகச் சொல்வதையும் பாலா டல்லாலும் மால்கம் பியர்சியும் 1973-ல் காட்டினார்கள். எல்லாப் பேச்சுக் குறையையும் இந்த வேகக் கணக்கில் கட்டிவிட முடியாது என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

வீட்டில் இது வேறு மாதிரித் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பையன். அம்மா, "சாப்பிட்டியாடா?" என்பார். "என்னம்மா?" என்பான். அவர் திரும்பக் கேட்பதற்குள் "இன்னும் இல்ல" என்று பதில் வந்துவிடும். ஒலி முன்பே போய்ச் சேர்ந்தது. அர்த்தம்தான் அடுத்த பஸ்ஸில் வந்தது. பால், தயிர், கறிவேப்பிலை என்று வரிசையாகச் சொல்லி அனுப்பினால் கறிவேப்பிலையோடு திரும்புவான். மிக்ஸி ஓடும்போது பேசினால் அதுவும் வராது. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில், அவன் வாக்கியத்தைத் தேடிக் கோத்து வாயெடுக்கும்போது பேச்சு கிரிக்கெட்டிலிருந்து சினிமாவுக்குப் போயிருக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமலே விட்டுவிடுவான். உறவினர்கள் அவனை அமைதியான பிள்ளை என்று மெச்சுகிறார்கள். அவன் அம்மாவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

பக்கம் முடிந்தது என்று ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது போன். பயிற்சிகள் அடுத்த வாரம். பேச்சொலிகளை இழுத்து நீட்டிக் குழந்தைகளுக்கு விளையாட்டாகக் கொடுத்த 1996-ஆம் ஆண்டுக் கணினிப் பரிசோதனையிலிருந்து தொடங்குவோம். டல்லால் அதிலும் இருக்கிறார்.