விசுவாசி அழலாமா?



அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடவுளை நம்புகிறவர் அழலாமா? கோபப்படலாமா? மனம் உடைந்து போகலாமா?

இந்தக் கேள்வி நம்முடைய துக்க வீடுகளில்தான் பிறக்கிறது. "அழாதீங்கம்மா, நீங்க விசுவாசி. நீங்களே இப்படி அழலாமா?" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கணவனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணுக்கு அன்று முதல் இரண்டு பாரம். கணவர் போய்விட்ட துக்கம் ஒன்று. அதை வெளியே காட்டினால் விசுவாசம் குறைந்தவள் என்று பேசுவார்களே என்ற பயம் இன்னொன்று.

இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனிலிருந்து பாலத்தைக் கடந்து புக்கிட் மெர்தாஜாம் போனால் போதும்.

அன்னம்மாள் சொல்லும் பாடம்

அங்கே மலையடிவாரத்தில் இருக்கிறது புனித அன்னம்மாள் ஆலயம். 1846-இல் ஒரு சிற்றாலயமாகத் தொடங்கியது. 1888-இல் கட்டிய பழைய ஆலயம் இன்றும் நிற்கிறது. 2002-இல் பெரிய ஆலயம் எழுந்தது. 2019-இல் வத்திக்கான் இதற்குப் பசிலிக்கா என்ற தகுதியை வழங்கியது. ஜூலை மாதத் திருவிழாவுக்குத் தமிழர், சீனர், யுரேசியர் என்று எல்லா இனத்தவரும் வருகிறார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கிறார்கள்.

அவர்கள் எதைக் கொண்டு வருகிறார்கள்? பிள்ளை இல்லாத ஏக்கம், தீராத நோய், கட்ட முடியாத கடன், வழி தவறிய மகன். சிரித்த முகத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அங்கே "அழாதே" என்று விரட்டுவதில்லை.

அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. பைபிளில் இவர் பெயர் இல்லை. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய நூல்தான் இவருடைய கதையைச் சொல்கிறது. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் கண்ணீர் வடித்தவர் என்பது அந்தக் கதை. இதே பெயர் கொண்ட இன்னொரு பெண் பழைய ஏற்பாட்டில் இருக்கிறாள். சாமுவேலின் தாய் அன்னாள். எபிரேய மொழியில் இரண்டும் ஒரே பெயர்தான்.

அன்னாளுக்கும் பிள்ளையில்லை. சக்களத்தியின் குத்தல் பேச்சு வேறு. சோறு இறங்கவில்லை. சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போய், குரல் வெளியே வராமல் உதடு மட்டும் அசைய அழுது மன்றாடினாள். ஆசாரியன் ஏலி பார்த்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எண்ணி அதட்டினார். ஆலயத்தில் இருப்பவர்கள்கூட அழுகிறவரைத் தவறாகப் புரிந்துகொள்வது அன்றே இருந்திருக்கிறது! அன்னாள் பணிவாக, ஆனால் தெளிவாகப் பதில் சொன்னாள். தான் குடிக்கவில்லை, மனத்தில் இருந்ததையெல்லாம் கடவுளிடம் கொட்டியதாகச் சொன்னாள். ஏலியும் வாழ்த்தி அனுப்பினார்.

அதன் பிறகு அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் நீங்கியது என்கிறது பைபிள். கவனியுங்கள், அப்போது அவள் இன்னும் கருத்தரிக்கவில்லை. வீட்டில் சக்களத்தி அப்படியேதான் இருக்கிறாள். நிலைமை மாறவில்லை, அவள் சுமந்த விதம் மாறியது. விசுவாசம் செய்கிற முதல் வேலை இதுதான். அழுகையை மறைக்கச் சொல்லாமல், அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் காட்டுகிறது.

முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு

எலியா பெரிய தீர்க்கதரிசி. அவரே ஒருநாள் வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, வாழ்ந்தது போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்டார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தூதன் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் சாப்பாடு வந்தது. பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஆகவே மனச்சோர்வில் இருப்பவரை "ஜெபம் போதவில்லை" என்று குற்றம் சாட்டாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருந்த சட்டப் பிரிவை மலேசியா 2023-இல் நீக்கிவிட்டது. அப்படிப்பட்டவருக்குத் தேவை உதவி என்று சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்கிறார்கள். சபையார் நாம் பின்தங்கலாமா?

கோபத்துக்கும் இதே வழிதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் ஏசிவிட்டார். அங்கே வாய் திறக்க முடியாது. அந்தக் கோபம் வீட்டில் பிள்ளைகள் மேல் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாட்டெல்லாம் அழகாகப் பாடுகிறோம், திங்கள் இரவு இப்படி. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். யார் மேல் கோபம், ஏன் கோபம் என்று கடவுளிடம் பெயர் சொல்லியே முறையிடுங்கள். சங்கீதங்களில் பல இப்படிப்பட்ட முறையீடுகள்தான். பிறகு உள்ளே போங்கள்.

பதில் இல்லாத நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள். சுனாமியில் மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். அதில் 52 பேர் நம் பினாங்கில். விடுமுறை நாளென்று கடற்கரைக்குப் போனவர்கள் பலர். அதே காலையில் வேளாங்கண்ணியில் யாத்திரைக்கு வந்தவர்களையும் கடல் கொண்டுபோனது. ஏன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? என்னிடம் பதில் இல்லை.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கடவுளே அவர்களைக் கண்டிக்கும்படி ஆயிற்று. இயேசுவும் லாசருவின் கல்லறைக்கு வந்தபோது கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவர் அவர். அவரே அழுதார் என்றால், விசுவாசி அழலாமா என்ற கேள்விக்கு வேறு விடை தேவையில்லை.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் சோறு கட்டி எடுத்துப் போங்கள். "அழுங்கம்மா, நாங்க பக்கத்துலதான் இருக்கோம்" என்று சொல்லுங்கள். கூட்டம் கலைந்த பிறகும் அடுத்த வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.