நடப்பும் புறமும்: ரியாலிட்டி நிகழ்ச்சிகள் நமக்குக் காட்டுவது என்ன?

'ரியாலிட்டி ஷோ' என்று நாம் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இன்றைய அரபு மொழியில் 'தில்ஃபிஸ்யூனுல் வாகிஃ' என்று பெயர். வாகிஃ என்றால் நிகழ்ந்தது, நடப்பு. அதன் வேர் 'வகஅ' என்னும் வினை. விழுந்தது, நிகழ்ந்தது என்பன அதன் நேர்ப்பொருள்கள். அவ்வினை 'ஃபீ' என்னும் இடைச்சொல்லோடு ஒரு மனிதரின் பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்தால் பொருள் மாறிவிடும். 'வகஅ ஃபீ ஃபுலான்' என்றால், 'இன்னாரைக் குறித்து இழிவாகப் பேசினான்' என்றாகும். அப்பேச்சுக்கு 'வகீஅத்' என்று பெயர். இதே வேரிலிருந்து பிறக்கும் 'அவ்கஅ' என்னும் வினைக்கு, நிகழச் செய்தல், இருவரிடையே பகை மூட்டுதல் ஆகிய பொருள்கள் உண்டு. மதுவையும் சூதையும் கொண்டு மனிதரிடையே பகைமையை விளைவிக்க ஷைத்தான் விரும்புவதைச் சொல்லும் அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனத்தில் வருவது இந்த வினையேயாகும்.

நடப்பு, புறம்பேசுதல், பகைமூட்டுதல் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை மொழியின் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக நம் வீடுகளில் இரவு உணவோடு சேர்த்துப் பரிமாறப்படும் ஒரு பொழுதுபோக்கை விளங்கிக்கொள்ள, இந்த வேர்ச்சொல் போதிய வெளிச்சம் தருகிறது என்பது நம் கருத்து.

1999ஆம் ஆண்டு நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்னும் பெயரில் தொடங்கிய நிகழ்ச்சிதான் இவ்வகையின் மூலம். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலில், குடிமக்களை ஓயாது கண்காணிக்கும் கொடுங்கோலனுக்கு இட்ட பெயர் அது. எச்சரிக்கையாக எழுதப்பட்ட பெயர் ஐம்பது ஆண்டுகளில் கேளிக்கையின் பெயராகிவிட்டது. 2006இல் இந்தியிலும், 2017 ஜூன் 25 முதல் விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழிலும் 'பிக் பாஸ்' வந்தது. முதல் ஏழு பருவங்களைக் கமல்ஹாசனும், 2024இல் வந்த எட்டாவது பருவத்தை விஜய் சேதுபதியும் நடத்தினர்.

அதன் அமைப்பை வாசகர்கள் அறிவார்கள். கடிகாரம் இல்லை, கைபேசி இல்லை, நாளிதழ் இல்லை, குடும்பம் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. சென்னைக்கு அருகே ஒரு படப்பிடிப்பு வளாகத்தில் எழுப்பப்பட்ட வீட்டில் ஏறத்தாழ நூறு நாள் வாசம். உலகத் தொடர்புகளை அறுத்துக்கொண்டு ஓரிடத்தில் தங்குவது நமக்குப் புதிதன்று. இஃதிகாப் இருப்பவரும் கல்வத்தில் அமர்பவரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே உள்ளத்தில் நிறைவது அல்லாஹ் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்னும் ஒரே உணர்வு. இங்கே பல லட்சம் கண்கள் பார்க்கின்றன என்னும் உணர்வு. முன்னது மனிதனின் வேடங்களைக் களைகிறது, பின்னது வேடங்களைக் கூட்டுகிறது. முகத்துதியைக் குறிக்கும் 'ரியா' என்னும் அரபுச் சொல், 'பார்த்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது என்பதை நம் முதலாண்டு மாணவரும் அறிவார். பார்க்கப்படுகிறோம் என்ற நினைவில் சிரிப்பவரின் சிரிப்பையும் அழுபவரின் அழுகையையும் நடப்பென்று எப்படிக் கொள்வது?

அதற்காக, அங்கே நடப்பவை எல்லாம் பொய் என்று தீர்ப்பளிப்பதும் சரியன்று. தூக்கம் குறைந்து, உணவு அளவிடப்பட்டு, துணை யாரென்று தெரியாத நிலையில் எவரும் நெடுநாள் நடிக்க இயலாது. முதற்பருவத்திலேயே நடிகர் பரணி சுவரேறி வெளியே செல்ல முயன்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் நடிகை ஓவியா மன அழுத்தத்தால் வெளியேறினார். இவை நடிப்பல்ல. ஓர் அரைகுறை உண்மை அங்கே இருக்கத்தான் செய்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை எடுத்துத் தொகுப்பவர், எந்த அரையை நமக்குக் காட்டுகிறார் என்பதே வினா. 2017இல் ஒரு போட்டியாளர் மற்றொருவரின் நடத்தையைப் பழிக்கச் 'சேரி' என்ற சொல்லை எடுத்தாண்டார். கோபம் வந்தால் நம் சமூகத்தின் நாவில் முதலில் ஏறுவது சாதிதான் என்பதை அது காட்டியது உண்மை. ஆனால் பல மணி நேரப் பேச்சுகளை வெட்டி எறிந்த கத்தரிக்கோல், அச்சொல்லை விட்டுவைத்தது. எதிர்ப்பு எழுந்தது, பேச்சு பெருகியது, பார்வையாளரும் பெருகியிருப்பார்கள்.

இனி நிகழ்ச்சியின் நடுநாயகமான சடங்கிற்கு வருவோம். வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு தனியறைக்குள் சென்று, யார் வெளியேற வேண்டும், ஏன் என்று பெயரும் காரணமும் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு இட்டுள்ள பெயர் 'கன்ஃபெஷன் ரூம்', அதாவது பாவமன்னிப்பு அறை. கிறிஸ்தவ மரபில் அவ்வறையில் ஒருவர் தம் பாவத்தைச் சொல்வார், கேட்பவர் அதை வெளியே சொல்லமாட்டார். இங்கே பிறர் குறையைச் சொல்ல வேண்டும், ஊரே கேட்கும். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றி, அவர் கேட்டால் வெறுக்கக்கூடியதைச் சொல்வதுதான் கீபத் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்துள்ளார்கள். சொன்னது உண்மையானாலும் அது கீபத்தே. பொய்யானால் அவதூறு. அந்த வரையறையை ஒரு விளையாட்டின் கட்டாய விதியாக மாற்றினால் கிடைப்பது இந்த அறை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனின் மூன்றாம் பகுதியில், நாவின் தீங்குகளைப் பேசும் இடத்தில், மனிதர்கள் ஏன் புறம்பேசுகிறார்கள் என்று ஆராய்கிறார்கள். பதினொரு காரணங்களைச் சொல்லி, எட்டு எல்லா மக்களுக்கும் பொதுவானவை, மூன்று மார்க்கப் பற்றுடையோருக்கே உரியவை எனப் பிரிக்கிறார்கள். அந்த எட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார ஒளிபரப்பைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். கோபத்தைத் தணித்துக்கொள்ளப் பேசுவது அங்கே உண்டு. கூட்டாளிகள் ஒருவரைக் கடித்துக் குதறும்போது தான் மட்டும் விலகி நின்றால் தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சிச் சேர்ந்துகொள்வது உண்டு. அவ்வீட்டின் அணிகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. இன்னார் நம்மைப் பற்றிப் பேசப்போகிறார் என்று முன்னுணர்ந்து, அவர் சொல் எடுபடாதவாறு முந்திக்கொண்டு அவரைப் பழிப்பது, தன்மேல் வந்த குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றித் தப்புவது, பிறரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்துவது, பொறாமை, பரிகாசம், ஏளனம் எல்லாமே உண்டு. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவர் கேமரா எதுவுமின்றிக் கண்டறிந்த மனம் இது.

ஆனால் இமாமவர்கள் நம்மை உறுத்துவது அந்த எட்டிலன்று, பின்னுள்ள மூன்றில். மார்க்கப் பற்றுடையவர் பிறரின் தவறைக் கண்டு வியந்து, அவர் பெயரைச் சொல்லியே வியக்கிறார். அல்லது இரங்குகிறார். 'பாவம், இப்படி ஆகிவிட்டாளே' என்கிறார். இரக்கம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பெயர் வெளிவந்துவிட்டது. அல்லது அல்லாஹ்வுக்காகக் கோபப்படுகிறார். அக்கோபத்திலும் பெயர் வந்துவிடுகிறது. மதுரையில் இஷாத் தொழுகைக்குப் பின், கோரிப்பாளையமானாலும் காஜிமார் தெருவானாலும் மஹபூப்பாளையமானாலும், நாம் கேட்கும் பேச்சு இதுவன்றோ? 'அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், அஸ்தஃபிருல்லாஹ்' என்று தொடங்கும் உரையாடல், அந்த வீட்டில் யார் யாரோடு பேசினார்கள் என்னும் நுட்பமான விவரங்களில் முடிகிறது. முன்பு திண்ணையில் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசியபோது, அவர் நாளை நம் எதிரில் வருவார் என்னும் கூச்சமாவது இருந்தது. திரையில் உள்ளவர் எதிரில் வரமாட்டார். கூச்சத்துக்கு இடமில்லாத புறம்பேச்சு இது.

அதன் விளைவுக்கு ஒரு சான்று. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னை மெரினாவிலும் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது, மெரினாவில் எழுப்பிய முழக்கங்களால் அறியப்பட்டவர் ஜூலி என்னும் செவிலியர். தமிழகமே அவரை மெச்சியது. அதே ஆண்டு பிக் பாஸ் வீட்டுக்குள் சென்றார். ஓவியாவைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி உண்மையன்று என்பதைப் பதிவுக் காட்சியைப் போட்டு நிரூபித்தார்கள். அதற்குக் 'குறும்படம்' என்று பெயரும் வைத்தார்கள். நம் வீடுகளில் தினமும் யாராவது சொல்லும் அளவிலான ஒரு பொய் அது. அதற்கு அவர் பெற்ற தண்டனையோ வசைமாரி. மெச்சிய அதே நாவுகள் வைதன. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்னும் நபிமொழிக்கு நேர் எதிராக, குறையைப் பெரிதாக்கிக் காட்டுவதே நீதி என்றாகிவிட்டது. ஜப்பானில் 'டெரஸ் ஹவுஸ்' என்னும் நிகழ்ச்சியில் பங்கேற்ற 22 வயது மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா, இணையத்தில் குவிந்த வசைகளுக்குப் பின் 2020 மே மாதம் உயிர்நீத்தார். 2022இல் அந்நாடு, பிறரை இழிவுபடுத்தும் குற்றத்துக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. புறம்பேசுவதை இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிடும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை வெறும் உவமை என்று எண்ணியிருப்போர் இங்கே சற்று நிற்க வேண்டும்.

'அவர்கள் சம்மதித்துத்தானே போகிறார்கள், பணமும் பெறுகிறார்கள், இதில் தஜஸ்ஸுஸ் எங்கே வந்தது?' என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 2004இல் எம்பிசி நிறுவனம் பஹ்ரைனில் 'அர்ரயீஸ்' என்னும் பெயரில் இந்நிகழ்ச்சியின் அரபு வடிவத்தைத் தொடங்கியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் படுக்கையறைகள் இருந்தன, தொழுமிடமும் இருந்தது. ஆயினும் எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அன்றைய விவாதம் பெரும்பாலும் ஆண் பெண் கலப்பைச் சுற்றியே அமைந்தது. அது முக்கியமே. ஆனால் ஆண்கள் மட்டுமே உள்ள வீடாயினும் இக்கேள்வி எஞ்சி நிற்கும்.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி இஹ்யாவில் வரும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. இரவு நகர்வலத்தில் ஒரு வீட்டிலிருந்து பாட்டுக் குரல் கேட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே ஒரு மனிதர், ஒரு பெண், மது. கலீஃபா கண்டித்தபோது அம்மனிதர், தாம் செய்த குற்றம் ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று என்றார். துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, சலாம் கூறி அனுமதி பெறாதது. உமர் (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்டு, இனிச் செய்வதில்லை என்ற உறுதியைப் பெற்றுத் திரும்பினார்கள். பாவம் நடந்த வீட்டுக்கும் சுவர் உண்டு என்பதே இதில் நாம் காண்பது. சம்மதம், சுவரேறிய குற்றத்தைத் துடைக்கலாம். ஆனால் இரவில் அல்லாஹ் மறைத்த தன் பாவத்தைக் காலையில் தானே வெளியே சொல்பவனை நபியவர்கள் மன்னிப்புக்கு விலக்கானவனாகச் சுட்டினார்கள். அதற்கு முஜாஹரா என்று பெயர். சுவரை வீட்டுக்காரரே இடித்துவிட்டால் தெருவிலுள்ளோர் பார்வையைத் தாழ்த்தும் கடமை நீங்கிவிடாது.

இதே 2017இல், ஆகஸ்ட் 24 அன்று, இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. பிக் பாஸ் முதற்பருவம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

நட்சத்திரங்களைவிட நமக்கு நெருக்கமானது வேறொரு வகை. 2011 முதல் ஜீ தமிழில் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை', ஏழை எளிய குடும்பங்களின் மணமுறிவு, கள்ள உறவு, பிள்ளை யாருடையது என்பன போன்ற வழக்குகளை அரங்கில் வைத்து விசாரித்தது. குடும்ப அந்தரங்கத்தை அம்பலமாக்குகிறது என்னும் வழக்கில், 2018இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, ஒரு தரப்பு விரும்பினாலும் மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்கிறது. சட்டம் கதவைச் சாத்தும் இடத்தில் தொலைக்காட்சி விளக்கைப் போட்டது. பிரிட்டனில் இவ்வகையைச் சேர்ந்த 'ஜெரமி கைல் ஷோ', பங்கேற்ற ஒருவரின் மரணத்துக்குப் பின் 2019 மே மாதம் கைவிடப்பட்டது.

ஆனால் அவ்வரங்குக்கு மக்கள் ஏன் போனார்கள்? வெட்கமற்றவர்கள் என்பது சோம்பேறித்தனமான விடை. நீதிமன்றம் தொலைவு, வழக்கறிஞருக்குப் பணம் இல்லை, ஊர்ப் பெரியவர் எதிர்த்தரப்பின் உறவினர். எங்கும் கேட்கப்படாத பெண் ஒருத்திக்கு, நாடே கேட்கும் இடம் ஒன்று கிடைத்தது. அவமானம் என்னும் விலையைக் கொடுத்து அவள் பெற்றது ஒரு செவி. இது தொலைக்காட்சியைவிட நம்மைப் பற்றியே அதிகம் சொல்கிறது. கணவன் மனைவியரிடையே பிளவை அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் கூறுகிறது. இருவர் போதும் என்கிறது மறை. நம் மஹல்லா ஜமாஅத் அமர்வுகளிலோ சில வேளை இருபது பேர் வரை உட்கார்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். எவர் சட்டைப் பையில் எந்தக் கைபேசி பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. அழுதுகொண்டே ஒரு பெண் சொன்னவை மறுநாள் குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவையில் பேசியவை அமானிதம் என்னும் நபிமொழியைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கும் அறையிலேயே இது நடக்கிறது. அங்கே கேமரா வைத்த முதலாளி என்று எவரும் இல்லை. நாமே கேமரா, நாமே பார்வையாளர்.

மேலூர்ப் பக்கத்தில் நாம் அறிந்த ஒரு மஹல்லாவில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விதி செய்தார்கள். அமர்வுக்கு முன் எல்லோருடைய கைபேசிகளும் ஒரு மரப்பெட்டியில் பூட்டப்படும், சாவி இமாமிடம் இருக்கும். முதல் வழக்கிலேயே, லுஹருக்குப் பின் உள்ளே பேசியது அஸருக்குள் தேநீர்க் கடைக்கு வந்துவிட்டது. பெட்டி பூட்டியபடியே இருந்தது. அதன் பின்னர் அமர்வில் உட்காருவோரின் எண்ணிக்கையை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். பெண்ணின் தரப்பைக் கேட்க இமாமின் துணைவியாரை நியமித்தார்கள். அங்கே சொல்லப்படுவது இமாமுக்கே முழுமையாகத் தெரிவதில்லை, முடிவு மட்டும் வந்து சேர்கிறது. இதில் உறுப்பினர் சிலருக்கு இன்றளவும் மனக்குறை உண்டு.