பாய்ப்படகு உடையார் படும் பாடு

கடலிற் செல்லும் கலங்கள் யாவும் வாணிகத்திற்கும் மீன்பிடித்தற்குமே அமைந்தன என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். காற்றோடு விளையாடுதல் ஒன்றனையே பயனாகக் கொண்டு செய்யப்பெற்ற சிறு பாய்ப்படகுகளும் உள. அவற்றை உடையார் பெறும் இன்பம் யாது, அதற்கு அவர் இறுக்கும் திறை யாது என்பதனை, அமெரிக்க நாட்டுப் படகொன்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அந்நாட்டின் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் நதானியேல் ஹெர்ரஷாப் (1848–1938) என்னும் கலஞ்செய் வல்லுநர் ஒருவர் வாழ்ந்தார். 'அமெரிக்கக் கிண்ணம்' என்னும் புகழ்பெற்ற பந்தயத்தில் 1893 முதல் 1920 வரை அந்நாட்டிற்கு வெற்றி தேடித்தந்த கலங்கள் யாவும் அவர் வகுத்தனவே. 1876-ஆம் ஆண்டில் அவர் ஈருடல் கொண்ட படகொன்றைச் செய்து நியூயார்க்குப் பந்தயத்தில் ஏனையோரைத் திகைக்கச் செய்தார். அவ்வகைப் படகிற்கு இன்று உலகம் வழங்கும் பெயர் நமது 'கட்டுமரம்' என்னும் சொல்லே. பெயர் நம்முடையதேயன்றி உருவம் நம்முடையதன்று.

இத்தகையார் தமது 66-ஆம் வயதில், 1914-இல், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பசர்ட்ஸ் விரிகுடாவிற் சிறுவர் படகோட்டப் பயிலுதற்கென ஒரு சிறு கலம் வகுத்தனர். 1903-இல் அவர் செய்த 'ரிலயன்ஸ்' என்னும் பெருங்கலம் விரித்த பாய் 16,000 சதுர அடிக்கு மேற்பட்டது. இச்சிறு கலத்தின் பாயோ ஏறக்குறைய 140 சதுர அடியே. நீர்மட்டத்தில் இதன் நீளம் பன்னிரண்டரை அடியாதலின், 'பன்னிரண்டரை' என்பதே இதற்குப் பெயராயிற்று. அவ்விரிகுடாவிற் கோடைப் பிற்பகல்தோறும் தென்மேல் காற்று வலுத்து வீசும். நீரோட்டம் அதனை எதிர்ப்பின் குறுகிச் செங்குத்தான அலைகள் எழும். ஆதலின் அவர் படகின் அடியில் 700 இராத்தலுக்கு மேற்பட்ட ஈயத்தைப் பொருத்தினார். படகின் மொத்த எடையில் ஏறக்குறையப் பாதி அவ்வீயமே. காற்று சாய்க்கச் சாய்க்க அது படகை நிமிர்த்தும். இதனாலன்றோ பெற்றோர் தம் மக்களை அஞ்சாது அதில் ஏற்றினர்! 1943 வரை அவர்தம் தொழிற்சாலையில் 364 படகுகள் செய்யப்பெற்றன.

இனித் திறையைக் கூறுவாம். ஓக்கு மரச் சட்டங்களை நீராவியில் வளைத்து விலாக்களாக்கி, அவற்றின்மேல் சீடர்ப் பலகைகளை வெண்கலத் திருகாணிகளால் இறுக்கிய உடல் அது. குளிர்காலத்தில் கரையேற்றி வைத்த காலை பலகைகள் உலர்ந்து சுருங்கும், இடைவெளி தோன்றும். வேனிற்றொடக்கத்தில் உடையவர் அவ்விடைவெளிகளை ஆராய்ந்து, பஞ்சுத்திரி தளர்ந்த இடத்துக் கலப்பற்று இடுதல் வேண்டும். ஈண்டுப் புதியோர் செய்யும் பிழையொன்று உண்டு: காணும் இடைவெளியையெல்லாம் கெட்டிப் பசையால் நிரப்பிவிடுவர். நீரிலிட்டபின் பலகை பருத்து, இடம் பெறாமையால் விலாச்சட்டத்தையே முறித்தலுங் கூடும். அறிந்தோர் சிறிது இடம் விட்டுவைத்துப் படகை நீரில் இறக்குவர். நீர் உள்ளே புகும். ஓரிரு நாள் இறைத்துக்கொண்டேயிருப்பர். பலகைகள் பருத்துத் தாமே ஒன்றோடொன்று நெருங்கி வாயடைத்துக்கொள்ளும். முதன்முறை காண்பார் படகு மூழ்குகின்றதெனக் கலங்குவர்.

கடல்நீரினும் மழைநீரே மரத்திற்குப் பெரும்பகை என்பது பலர் அறியாதது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் உப்பில் எளிதில் வளராது, நன்னீரிலோ செழிக்கும். முற்காலக் கப்பற்றச்சர் விலாக்களின் இடையே உப்பைக் கொட்டி வைத்தமையும் இதுபற்றியே. ஆகவே உடையவர் மேலே கூடாரத் துணியிட்டு, காற்று உட்புகவும் வழி செய்தல் வேண்டும். மரந்துளைக்கும் கடற்புழுவைத் தடுக்க அடிப்புறத்திற்குச் செம்புக் கலப்புள்ள வர்ணம் ஆண்டுதோறும் பூசவேண்டும். வெயிலில் வெளுக்கும் வார்னிஷைத் தேய்த்தலும் மீண்டும் பூசுதலும் முடிவில்லாத வேலை. வெண்கலத்தின் அருகே இரும்பாணி ஒன்றை அறைந்துவிடின், உப்புநீரில் அவ்விரும்பு விரைவில் அரிக்கப்பட்டு ஒழியும்.

இத்துணைப் பாடும் எதன்பொருட்டு? நங்கூரத்தை எடுத்துப் பாயை ஏற்றியவுடன், இயந்திர ஓசை இன்றிப் பலகையின் கீழ் நீர் சலசலக்கும் ஒலி மட்டுமே கேட்கும். சுக்கான் பிடியிற் கைவைத்தவன் காற்றின் திரும்புதலை விரலால் அறிகின்றான். தன் கையாற் செப்பனிட்ட பலகை அலையைத் தாங்குதலையும் உணர்கின்றான். இவ்வுணர்ச்சி கூலி கொடுத்து ஏறிச் செல்வார்க்கு வாய்ப்பதன்று.

1970-களில் இதே வடிவிற் கண்ணாடியிழைப் படகுகள் செய்யத் தொடங்கினர். அவை சுருங்குவதில்லை, கலப்பற்றும் வேண்டா. ஓட்டும் இன்பமே போதும் என்பார் அதனையே கொள்க, அதில் இழிவொன்றுமில்லை. மரப்படகே வேண்டுவார் வார்னிஷின் பளபளப்பில் மயங்காது, கூர்ச்சிறுகத்தியோடு சென்று, பின்பலகையின் மூலைகளையும், விலாக்களின் அடிமுனைகளையும், மேல்தட்டின் ஓரங்களையும் மெல்லக் குத்திப் பார்க்க. மழைநீர் தங்கும் இடங்கள் அவை. கத்தி எளிதில் உட்புகுமாயின், விலையைக் குறைத்துப் பேசுதற்கு முன் தச்சனைக் கலந்துகொள்க.