நெம்புகோல் றைபிள்கள்: மூலமும் படியும்

விசைக்குக் காவலாகக் கீழே வளைந்து நிற்கும் பிடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்த அளவில், வெடித்த கோது வெளியே வீழ்ந்து புதுத் தோட்டா குழலினுட் புகுமாறு அமைந்த துப்பாக்கியே நெம்புகோல் றைபிள் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவிலே பெஞ்சமின் தைலர் ஹென்றி என்பார் 1860 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்ற றைபிள் இவ்வினத்துட் பெருவெற்றி கண்டது. அதன் வழியில் வின்செஸ்டர் கம்பனியாரின் 1866, 1873 ஆம் ஆண்டு மாதிரிகள் தோன்றின. அவற்றை ஆக்கியோர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் அவற்றின் படிகள் இத்தாலியிலும் யப்பானிலும் செய்யப்பட்டு வருகின்றன. மூலமும் படியும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுதலால் இரண்டும் ஒன்றே எனக் கொள்வாரும் உளர். அக்கருத்து வரலாறு கற்போனுக்கு மயக்கத்தையும் சுடுவோனுக்கு ஆபத்தையும் விளைப்பதாகும்.

வட இத்தாலியிலுள்ள கார்தோனே வல் திரோம்பியா என்னும் ஊர் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போனது. அல்தோ உபெர்த்தி 1959 இல் அங்கு நிறுவிய தொழிற்சாலை முதலிற் பழைய கைத்துப்பாக்கிகளின் படிகளையும், பின்னர் நெம்புகோல் றைபிள்களின் படிகளையும் செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவும் மேற்கத்தியத் திரைப்படங்களும் அவற்றுக்குச் சந்தையை உண்டாக்கின.

ஹென்றி றைபிளின் மூலத்தையும் படியையும் அருகருகே வைத்தால், குழலின் கீழுள்ள தோட்டாக்கூட்டின் நெடும்பிளவு, பித்தளை நிறங்கொண்ட உடல், கைதாங்க மரமில்லாத குழல் ஆகிய யாவும் ஒத்திருக்கும். சுட்டுச் சூடேறிய குழலைப் பற்றுவோன் கை வெந்துபோகும் குறையுங்கூடப் படியில் அப்படியே உண்டு. ஆயினும் உள்ளே ஒரு பெருவேறுபாடு மறைந்து கிடக்கின்றது. மூலத்தின் தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. ஒருபுறம் தவறினும் மறுபுறம் வெடித்தற்பொருட்டு, எதிரெதிரான இரு பற்கள் விளிம்பைத் தாக்குமாறு ஹென்றி அமைத்திருந்தார். அத்தோட்டாவின் உற்பத்தி 1930 களில் நின்றுபோயிற்று. ஆகவே, படி செய்தோர் நடுவில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவை மேற்கொண்டனர். அது நீளமானதாகையால் துப்பாக்கியின் உடலையும் சிறிது நீட்டினர். இரு பற்களும் ஓர் ஊசியாயின.

இம்மாற்றம் அற்பமானதன்று. 1876 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆந் திகதி லிற்றில் பிக்ஹோர்ண் ஆற்றங்கரையில் லக்கோத்தா, செயென் மக்கள் தளபதி கஸ்டரின் படைப்பிரிவை அழித்தனர். 1983 இல் அக்களத்திற் புல் எரிந்து நிலம் வெளிப்பட, 1984 இலும் 1985 இலும் அகழ்வாராய்ச்சி நடைபெற்றது. மண்ணிற் கிடந்த கோதுகளில் இரட்டைப் பல்லின் தழும்பைக் கண்டே, ஹென்றி றைபிள்களும் 1866 ஆம் ஆண்டு மாதிரிகளும் அங்கு வெடித்தமையை அறிஞர் உறுதிசெய்தனர். ஒவ்வொரு துப்பாக்கியின் தழும்பும் தனித்தன்மை உடையதாதலின், அது களத்தில் எங்கெங்கு நகர்ந்தது என்பதையும் ஆராய்ந்தனர். கஸ்டரின் வீரர் ஒருமுறைக்கு ஒரு தோட்டாவே இடக்கூடிய துப்பாக்கிகளை ஏந்தியிருந்தனர் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். இத்தகைய சான்றை எத்துணை நுட்பமான படியும் தரமாட்டாது.

இனி வலிமையை நோக்குவோம். 1873 ஆம் ஆண்டு மாதிரியின் தொடக்ககால உடல் இரும்பாலானது. பின்னரே உருக்குக்கு மாறியது. படியோ முற்றிலும் இக்கால உருக்காலானது. எனினும் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பொறி இரண்டிலும் ஒன்றே. நீட்டிய முழங்கால் போல நேராக நிற்கும் இரு மூட்டுத்தண்டுகளே அடைப்பானைப் பின்னின்று தாங்குகின்றன. உலோகம் திருந்தியதேயன்றிப் பொறி திருந்தவில்லை. 1886 ஆம் ஆண்டு மாதிரியில் ஜோன் பிரௌணிங் இரு உருக்குத் துண்டங்கள் மேலெழுந்து அடைப்பானையும் உடலையும் ஒருங்கே பூட்டுமாறு செய்தமையே உண்மையான திருத்தமாகும். அதன் சிறுவடிவம் 1892 ஆம் ஆண்டு மாதிரி.

44-40 எனப்படும் ஒரே தோட்டா 1873 இன் மாதிரியிலும் 1892 இன் மாதிரியிலும் புகும். புகையில்லா மருந்திட்ட வலிய 44-40 தோட்டாக்களை வின்செஸ்டர் கம்பனியார் விற்றபோது, அவற்றை 1873 இன் மாதிரியில் இடலாகாது எனப் பெட்டியிலேயே எச்சரித்தனர். இன்று அம்மாதிரியின் படிகள் 357 மக்னம் என்னும் தோட்டாவுக்கும் செய்யப்படுகின்றன. அதன் அழுத்தம் 44-40 இன் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ மும்மடங்கு. அடிப்பரப்புச் சிறிதாகையால், பின்னோக்கிய விசை அவ்வளவுக்குப் பெருகாது. புதிய உருக்கும் அதைத் தாங்கும். படி தாங்குவதைக் கண்டு மூலமும் தாங்கும் என எண்ணி வலிய தோட்டாவை இடுபவன், தன் முகத்துக்கு அண்மையில் வெடிப்பை வைத்துப் பரிசோதிப்பவனாவான்.

யப்பானின் மிரோக்கு தொழிற்சாலை வின்செஸ்டர் பெயராலேயே இவற்றைச் செய்கின்றது. வேலைத்திறனிற் குறைகூற இடமில்லை. ஆயினும் அதன் 1892 இன் மாதிரியிற் பழைய அரைநிலைக் குதிரைக்குப் பதிலாகத் தானே பின்வாங்கும் குதிரையும், பின்புறத்தில் ஒரு காப்புப்பூட்டும் உள. பாதுகாப்பு மிகுந்தது, மூலத்தோடுள்ள ஒற்றுமை குறைந்தது.

படியைச் செயற்கையாகப் பழமைப்படுத்தி மூலமென விற்பாரும் உண்டு. இத்தாலியப் படியின் திருகாணிகள் மெற்றிக் அளவின. பழைய அமெரிக்கத் திருகாணி அவற்றின் துளையிற் பொருந்தாது. இத்தாலியப் பரிசோதனைச் சாலையின் முத்திரையில் ஆண்டு 1974 வரை உரோம இலக்கத்தாலும், 1975 முதல் எழுத்துக்களாலும் குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கச் சட்டமும் இருவகையையும் வேறுபடுத்துகின்றது. 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1898 இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட 1873 இன் மாதிரி பழம்பொருளாகும்; சந்தையிற் கிடைக்கும் தோட்டாவை இட்டுச் சுடத்தக்க அதன் படியோ ஏனைய இக்காலத் துப்பாக்கிகளோடு வைத்தே எண்ணப்படும்.