சேலையில் இல்லாத அலை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று. இன்று தறியிலிருந்து இறங்கும் சேலை கடைக்குப் போகுமுன் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. சில சமயம் படத்தைப் பார்த்தால் திடுக்கென்றிருக்கும். இழை பிசகாத சேலையின் உடலில் வானவில் நிறத்தில் அலை அலையாகக் கோடுகள்!

சேலையில் குற்றமில்லை. போன் கேமராவின் சென்சாரில் ஒளியை வாங்கும் கோடிக்கணக்கான நுண்கட்டங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. துணியின் இழைகளும் அப்படித்தான். இழையின் பிம்பமும் கட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவாகிற தூரத்தில், இரண்டும் ஓரிடத்தில் பொருந்தும், சற்றுத் தள்ளி விலகும், மறுபடி பொருந்தும். அதுதான் அலையாகத் தெரிகிறது. மொய்ரே என்பார்கள்.

நிறம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தைத்தான் அளக்கும். 1976-இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பில் நான்கு கட்டங்களில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. விட்டுப்போன நிறங்களை அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து போன் ஊகிக்கிறது. மெல்லிய இழையில் அந்த ஊகம் தவறுகிறது. ஓரடி பின்னால் நகர்ந்தோ துணியைச் சற்றுச் சாய்த்தோ எடுத்தால் அலை பெரும்பாலும் மறையும்.

மெகாபிக்சல் கூடினால் எல்லாம் சரியாகிவிடுமா? பெட்டியில் 50 என்று போட்டிருக்கும் பல போன்கள், நான்கு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் வழக்கமாகத் தருகின்றன. கட்டம் சிறுத்தால் அதில் விழும் ஒளியும் குறையும். வெளிச்சம் குறைந்த தறிக்கூடத்தில் எண்ணிக்கையைவிட சென்சாரின் பரப்பும் லென்ஸும்தான் கைகொடுக்கும்.

மயில் கழுத்துக் கலர் எந்த விலைப் போனுக்கும் சவால். பாவு எனும் நெடுக்கு இழை ஒரு நிறம், ஊடை எனும் குறுக்கு இழை வேறொரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் சேலையின் நிறமும் மாறும். ஒற்றைப் படத்தில் அது அடங்காது. மடிப்பைத் திருப்பிக் காட்டும் பத்து விநாடி வீடியோ போதும்.

போன் வாங்கும்போது கேமராவோடு தொடுதிரையையும் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில், இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளி ஊடுருவும் பொருளாலான மின்கோடுகள் பாவும் ஊடையும்போல நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன, ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. விரல் நெருங்கினால் அவை சந்திக்கும் இடங்களில் மின்னேற்றம் சற்றே மாறும். விரல் தொடுவதை இப்படி மின்மாற்றத்தால் அறியும் திரையை 1965-இலேயே இங்கிலாந்தின் இ. ஏ. ஜான்சன் விவரித்துவிட்டார், 2007-இல் ஐபோன் வந்த பிறகுதான் அது எல்லார் கைக்கும் பரவியது.

வியப்பு என்னவென்றால், கோடுகளுக்கிடையே பொதுவாக 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி. விரலின் இடத்தையோ திரை ஒரு மில்லிமீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. ஒரு விரல் பக்கத்துச் சந்திப்புகளையும் பாதிப்பதால், எங்கே எவ்வளவு மாற்றம் என்று ஒப்பிட்டு நடுவிடத்தைக் கணக்கிடுகிறது.

போன் கடையிலேயே இதைச் சோதிக்கலாம். வரையும் செயலியைத் திறந்து, சாய்வாக ஒரு கோட்டை மிக மெதுவாக இழுங்கள். கோடு நெளிந்தால் கணக்கில் கோளாறு. தறிவேலையில் காய்த்துக் காய்ந்த விரல் சில சமயம் திரைக்குச் சரியாக எட்டாது. ஈரம் படிந்தால் திரை தண்ணீரையும் விரலென்று எண்ணித் தடுமாறும். ஆகவே போனை யார் பயன்படுத்தப் போகிறார்களோ, அவர்கள் விரலே சோதிக்கட்டும். கையோடு ஒரு துண்டுப் பட்டும் போகட்டும். அதைப் படமெடுத்து, துணியையும் திரையையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசலாம்.