அமெரிக்காவில் மோர்மன் சமூகத்தார் குறித்த வெகுமக்கள் மனப்பாங்கு: மாறியதும் மாறாததும்

அமெரிக்காவில் மோர்மன் சமூகத்தார் மீதான வெகுமக்கள் மனப்பாங்கு பகையில் தொடங்கி ஏற்பில் நிறைவுற்றது என்பது பரவலான கருத்தாகும். இக்கருத்து பாதியளவே பொருந்தும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

1830இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தோற்றுவித்த சபையினர் பின்னர் மிசௌரியில் குடியேறினர். அவர்கள் திரளாக நிலம் வாங்கியதும் ஒருமித்து வாக்களித்ததும் அண்டையாரை அச்சுறுத்தின. 1838இல் அம்மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மோர்மன்கள் அழிக்கப்படவோ துரத்தப்படவோ வேண்டுமென ஆணையிட்டார். 1844இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் ஸ்மித் கும்பலால் கொல்லப்பட்டார். சபையினருள் பெரும்பகுதியினர் 1847 முதல் யூட்டாவில் குடியமர்ந்தனர். 1852இல் சபை பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தபின் பகை நாடு தழுவியதாயிற்று.

1879இல் ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் சமய நம்பிக்கையில் தலையிட இயலாது, செயலில் தலையிடலாம் என்று தீர்ப்பளித்தது. நம்பிக்கையையும் செயலையும் பிரித்த இத்தீர்ப்பு பின்னைய மாற்றத்தை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றது. 1890இல் சபைத்தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடுமாறு அறிவித்தார். 1896இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றது.

எனினும் ஐயம் நீங்கவில்லை. 1903இல் செனட் அவைக்குத் தேர்வான ரீட் ஸ்மூட் ஒரே மனைவியை உடையவர். அவ்வாறிருந்தும் அவரது தகுதி 1907 வரை விசாரிக்கப்பட்டது. உண்மையில் கூண்டில் நின்றது சபையே எனலாம். 1890க்குப் பின்னரும் தம் மனைவியர் பலருடன் வாழ்ந்துவருவதாகச் சபைத்தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் அளித்த சாட்சியம் பெருஞ்சினத்தை எழுப்பியது. 1904இல் சபை மீண்டும் ஓர் அறிவிப்பை வெளியிட்டு, புதிதாகப் பலதார மணம் செய்வோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. ஸ்மூட் பதவியில் நிலைத்து, 1933 வரை அவையில் இருந்தார். பெருமந்தக் காலத்தில், 1936இல் தொடங்கிய சபையின் நலத்திட்டம் பாராட்டப்பெற்றது. மிசௌரியில் அச்சமூட்டிய அதே கட்டுக்கோப்பு இப்போது நற்பண்பாகக் கொள்ளப்பட்டமை கருதத்தக்கது.

இவ்வாறு செயல் குறித்த மறுப்பு தணிந்தது. நம்பிக்கை குறித்த மறுப்போ தங்கிவிட்டது. தம் கட்சி நிறுத்தும் தகுதியுள்ள வேட்பாளர் மோர்மனாயின் வாக்களிக்கமாட்டோம் என்றோர், காலப் கருத்துக்கணிப்பில் 1967இல் 17 விழுக்காட்டினர். 2012இல் 18 விழுக்காட்டினர். கத்தோலிக்கர் நிலை வேறு. கத்தோலிக்க வேட்பாளருக்கு வாக்களிப்போம் என்றோர் 1937இல் 60 விழுக்காட்டினர். 2012இல் 94 விழுக்காட்டினர்.

ஆயின் அதே 2012இல் மோர்மனாகிய மிட் ராம்னி குடியரசுக் கட்சியின் வேட்பாளரானபோது, அவர் சமயத்தைக் கிறித்தவமென ஏற்கத் தயங்கிய வெள்ளையின நற்செய்திச் சபையாருள் மிகப் பெரும்பான்மையோர் அவருக்கே வாக்களித்தனர். கணிப்பில் உரைத்த மறுப்பு கட்சிப்பற்றின் முன் நிற்கவில்லை. மிசௌரியின் 1838ஆம் ஆண்டு ஆணையோ, ஆளுநர் கிறிஸ்டோபர் பாண்ட் அதனை விலக்கிக்கொண்ட 1976 வரை ஏட்டில் நீடித்தது.