பேட்டைச் சொல்லும் மாளிகைச் சொல்லும்

தொழிலாளி தமிழைக் கெடுக்கிறான் என்று கண்ணீர் வடிக்கும் கனவான்கள் நம் நாட்டில் என்றுமே உண்டு. வியாசர்பாடியிலோ, மூலக்கொத்தளத்திலோ ஒருவன் வாய் திறந்தால் போதும், காதைப் பொத்திக்கொள்வார்கள். 'கஸ்மாலம்' என்கிறானாம்! 'பேமானி' என்கிறானாம்! மொழியே மாண்டுபோயிற்றாம்!

கேளுங்கள் தோழர்களே! 'கஸ்மாலம்' பேட்டையிலே பிறந்த சொல்லல்ல. வடமொழிச் சொல். அழுக்கு, மனக்கலக்கம் என்று பொருள். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், போர் செய்ய மாட்டேன் என்று சோர்ந்து உட்கார்ந்த அர்ச்சுனனிடம் கண்ணன் பேசும் பேச்சிலேயே அது இருக்கிறது. கண்ணன் சொன்னால் உபதேசம்; மூட்டை தூக்குபவன் சொன்னால் வசவு! 'பேமானி' உருது தந்த சொல். ஈமான் இல்லாதவன், அதாவது நேர்மை கெட்டவன். வேலையை வாங்கிக்கொண்டு கூலியை ஏப்பம் விடுபவனை அழைக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தப் புலவர் வைத்திருக்கிறார்? 'பேஜார்' பாரசீகத்துச் சரக்கு. 'மேஸ்திரி' போர்ச்சுகீசியன் விட்டுச் சென்றது. கப்பல் வந்து நின்ற ஊரல்லவா இது! மூட்டையோடு சேர்த்துச் சொல்லையும் இறக்கியவன் நம் தொழிலாளி.

அவனே கட்டிய பொருள்களோ இன்னும் சுவையானவை. 'ஓ.சி.' என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. கும்பினியார் ஆண்ட காலத்தில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று பொறித்த தபாலுக்குக் கட்டணம் கிடையாதாம், அதுவே ஓ.சி. ஆயிற்றாம். ஒரு நாட்டையே ஓசியில் தின்ற கூட்டத்துக்கு இரண்டே எழுத்தில் வரலாறு! 'அல்வா கொடுத்தான்' என்பதைப் பாருங்கள். நெல்லைத் தோழர்கள் மன்னிக்க வேண்டும். இனிக்கும், வழுக்கும், விழுங்கிய பிறகே விஷயம் தெரியும். போனஸ் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

பெண்ணை இழிவு செய்யும் சொல்லையும், சாதியைச் சுட்டி வையும் சொல்லையும் நாம் ஆதரிக்கவில்லை. அவை குப்பைக்குப் போகட்டும். மற்றவை எல்லாம் ஒளிவு மறைவு அற்றவை. கேட்ட மாத்திரத்தில் புரியும், சிரிப்பும் வரும்.

நிற்க. மாளிகைவாசிகளும் சொற்களைக் கட்டுகிறார்கள். அந்த அகராதியை எந்தக் கனவானும் கண்டிக்கக் காணோம்!

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. 8 மணி நேர வேலையை 12 மணி நேரமாக்க வழி திறக்கும் மசோதா. அதற்குச் சூட்டிய நாமகரணம் என்ன தெரியுமா? 'நெகிழ்வான வேலை நேரம்'! நெகிழ்வது யார்? முதலாளியின் மனமா, தொழிலாளியின் முதுகெலும்பா? தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மசோதா போயிற்று, சொல் போகவில்லை. வேறு வாசல் வழியாக வரக் காத்திருக்கிறது.

டில்லிப் பட்டணத்து அகராதி இன்னும் கனமானது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்குறைப்புச் செய்ய அரசிடம் முன் அனுமதி கேட்கவேண்டிய வரம்பு 100 பேர் என்றிருந்தது, 300 ஆகிவிட்டது. இதற்குப் பெயர் 'தொழில் புரிவதை எளிதாக்குதல்'. 299 பேர் வேலை செய்யும் ஆலையில் எளிதாவது எது? வீட்டுக்கு அனுப்புவது! 'குறித்த காலப் பணி' என்று மற்றொன்று. காலம் முடிந்தால் ஆளும் முடிந்தான் என்று பொருள். எல்லாவற்றையும் மிஞ்சும் நகைச்சுவை ஒன்றும் உண்டு. ஒரு நிறுவனத்தில் பாதிப்பேர் ஒரே நாளில் கூடித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தமாம்! 14 நாள் முன்னறிவிப்புக் கொடாத வேலைநிறுத்தம் சட்டவிரோதமாம்! லீவு எழுதிக் கொடுத்தவன் சட்டம் மீறியவன் ஆகிறான். பேட்டையிலே எந்தப் போக்கிரியும் ஒரு சொல்லுக்கு இத்தனை துணிச்சலாகப் பொருள் கட்டியதில்லை.

அவர்கள் கட்டும்போது நாமும் கட்டினால் என்ன? 'அப்ரைசல்' என்றால் அப்புறம். 'இன்சென்டிவ்' என்றால் இன்னும் செய், இன்னும் செய். 'ஓ.டி.' என்றால் ஓடி ஓடி உழைத்த பணம், கைக்கு வருமுன் ஓடிய பணம். 'காண்டிராக்ட்' என்றால் கண்காணாமல் கறப்பது. இடைவேளை டீக்கடையில் தோழர்கள் இந்தப் பட்டியலை வளர்க்கலாம். நம்மைவிட நன்றாகவே வளர்ப்பார்கள்.

ஆனால் ஒரு சொல்லை வைத்துச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. வெயிலிலும் மழையிலும் முதுகில் பெட்டியைச் சுமந்து சோறு கொண்டுபோகும் இளைஞனுக்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் 'பார்ட்னர்'. பங்காளி! வண்டி அவனுடையது. பெட்ரோல் அவனுடையது. கீழே விழுந்தால் உடைகிற எலும்பும் அவனுடையது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவன் வேலையை முதலாளி–தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே உள்ளதென்றே வரையறுக்கிறது. தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் பி.எப். கேட்பான், ஈ.எஸ்.ஐ. கேட்பான், சங்கம் வைப்பான். பங்காளி என்று சொல்லிவிட்டால்? லாபத்தில் பங்கு எங்கே என்று அவன் கேட்டுப் பார்க்கட்டும்!

ஒருநாள் காலை அவன் கைப்பேசியைத் திறக்கிறான். வேலை வரவில்லை. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி நிற்கிறது. ஏன் என்று கேட்க மேஸ்திரியும் இல்லை, மேனேஜரும் இல்லை. இந்த முடக்கத்துக்குப் பேட்டையில் பழைய சொல் ஒன்று இருக்கிறது, தோழர்களே: சீட்டைக் கிழித்துவிட்டான்.